உடைந்த ஊசி ரிஜிஸ்டர்

ஆகஸ்ட் 6, திங்கள்

பதினொரு வருஷம் ஓவர்லாக் மெஷினில் தைத்த பனியன் கம்பெனியில் இன்று என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. மேனேஜர் தண்டபாணி வாயால் சொன்னார், நான் காதால் கேட்டேன், அவ்வளவுதான் நடந்தது.

போன மாதம் நாங்கள் தைத்து அனுப்பிய குழந்தை உடுப்பு ஒன்றில் உடைந்த ஊசி முனை இருந்ததாம். வெளிநாட்டுக் குடோனில் பெட்டியைப் பிரித்துச் சோதிக்கும்போது கண்டுபிடித்தார்களாம். நல்லவேளை, எந்தக் குழந்தைக்கும் அதைப் போட்டுவிடவில்லை. அந்த உடுப்புக் கட்டோடு வைக்கிற பண்டல் சீட்டில் என் நம்பர் இருக்கிறது என்கிறார்கள். ஒரு உடுப்பு எட்டுப் பேர் கைக்குப் போய் வருகிறது. சிக்கியது என் கை.

மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"சொந்தக் காரணத்தால வேலையை விட்டு நின்னுக்கறேன்னு எழுதிக் குடுத்துரும்மா. கௌரவமாப் போயிரலாம்."

"என்ற சொந்தக் காரணம் எனக்கே தெரியலீங்களே. எப்படீங்க எழுதறது?"

"அப்ப நாளையிலிருந்து வராதே. துணிக்குள்ள ஊசியை உட்டுட்டுப் போற டைலர்னு நாலு கம்பெனிக்குப் போன் போட்டாப் போதும். இந்த ஊர்ல ஒருத்தன் உன்னை மெஷின்ல உக்கார வைக்க மாட்டான்."

அது வெறும் மிரட்டல் இல்லை. திருப்பூரில் அந்தப் பெயர் வாங்கினவளுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைகூடக் கிடைக்காது. எனக்கு வயது நாற்பத்து நான்கு. எனக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதான்.

வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்தேன். கண் எரிந்தது. வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

எங்கள் வீட்டுக்காரர் ராசப்பன் சாயப் பட்டறையில் வேலை செய்கிறவர். சண்டை என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். "எழுதிக் குடுத்துட்டு வந்தர்லாம் மயிலு. பெரிய எடத்தோட நம்மளால ஆகாது" என்று காலையிலிருந்து ஜபம். காதில் போட்டுக்கொள்ளாமல் பஸ் ஏறித் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த அலுவலர் ஒரு அம்மா. மேசையில் சாப்பாட்டு டப்பா திறந்தபடி இருந்தது. மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லைங்க."

"நல்ல காரியம். வாயால வராதேன்னு சொன்னா வேலை போயிடாது. என்ன குற்றம்னு எழுத்துல குடுக்கணும், உங்க பதிலை வாங்கணும், விசாரணை வைக்கணும். அதுல அவங்க சாட்சியை நீங்க குறுக்கு விசாரணை பண்ணலாம். அவங்க ஆவணத்தோட ஒரிஜினலைக் கேட்டுப் பார்க்கலாம். கூட ஒரு தொழிலாளியைத் துணைக்கு வெச்சுக்கலாம். அதுக்கப்புறம்தான் தண்டனை."

"இத்தனை இருக்குதுங்களா?"

"இருக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. எதைக் கேட்டாலும் எழுத்துல கேளுங்க, எதைக் குடுத்தாலும் எழுத்துல வாங்குங்க. நடக்கிறதை எல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க."

மனு எழுதிக் கொடுத்தேன். நூல் கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த இந்த டைரியில் இதுவரை பால்காரர் வராத நாளைத்தான் குறித்திருக்கிறேன். நேற்று மனசு தாங்காமல் எழுதினேன். இனி சட்டத்துக்காக எழுதப் போகிறேன்.

ஆகஸ்ட் 9, வியாழன்

அந்த ஊசி விஷயத்தை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால் அங்கேயே மெஷினை நிறுத்தவேண்டும். எல்லாத் துண்டையும் பொறுக்கி ஊசி ரூமுக்குக் கொண்டுபோனால்தான் புது ஊசி. ஊசி ரூம் ரெஜினா துண்டுகளைச் சேர்த்து வைத்து முழு ஊசி வருகிறதா என்று பார்ப்பாள். பிறகு உடைந்த ஊசி ரிஜிஸ்டரில் தேதி, மெஷின் நம்பர், டைலர் பெயர் எழுதி, துண்டுகளை அதே வரியில் டேப் போட்டு ஒட்டுவாள். ஒரு கடுகளவு குறைந்தாலும் விடமாட்டாள்.

ஜூலை 11 எனக்கு ஊசி உடைந்தது உண்மை. மூன்று துண்டு. முனை மட்டும் கிடைக்காமல் மேசைக்கடியில் ஊர்ந்து தேடினேன். ரெஜினாவே காந்தத்தோடு வந்து கூடத் தேடினாள். ஸ்டூல் காலடியில் கிடைத்தது. ஒட்டினாள். சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு ஒனக்கு முட்டிவலி மிச்சம்கா" என்றாள்.

முனை கிடைத்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் இரண்டு நாளாகக் கண்ணை மூடினால் ஒரு கைக்குழந்தையின் தொடை தெரிகிறது.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

கறி எடுக்கவில்லை. தட்டைப்பயறு குழம்பு.

ஆகஸ்ட் 17, வெள்ளி

தொழிலாளர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை. மேனேஜர் வெள்ளைச் சட்டையில் வந்து, "நாங்க யாரையும் நீக்கலை மேடம். விசாரணை வர்ற வரைக்கும் தற்காலிகப் பணிநீக்கம்தான்" என்றார். பதினொரு நாளில் வார்த்தை எப்படி மாறியது பாருங்கள். அலுவலர் அம்மா, "அப்படியா, அந்த உத்தரவு எங்கே?" என்றார். மேனேஜர் ஃபைலைப் புரட்டுகிற மாதிரி புரட்டினார். ஒன்றும் இல்லை. திங்களுக்குள் எல்லாம் எழுத்தில் தருவதாகவும், விசாரணை முடியும்வரை பாதிச் சம்பளம் தருவதாகவும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

வெளியே வந்து ஒரு இளநீர் குடித்தேன். வழுக்கையையும் சுரண்டித் தின்றேன்.

ஆகஸ்ட் 20, திங்கள்

குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. நான் ஊசி முனையை ஒப்படைக்காமல், கேட்டவர்களைத் திட்டிவிட்டுத் தையலைத் தொடர்ந்தேனாம். அதற்குச் சாட்சி ரிஜிஸ்டரின் ஜெராக்ஸ். ஜூலை 11. மெஷின் 22. மயிலாத்தாள். இரண்டு துண்டுகள் மட்டும், முனை இல்லை. கீழே ரெஜினா கையெழுத்து.

அவள் கையெழுத்தேதான். ஒன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றவள். என் பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டு, புதிதாக ஒரு பொய்ப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் கம்பெனி விடும் நேரத்துக்குப் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். அத்தனை பேர் முன்னால் கேட்டேன். கேட்டதை எல்லாம் இங்கே எழுத முடியாது. அவள் பிறந்த வீட்டையும் விடவில்லை. ரெஜினா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. நன்றாகத் தூங்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

தூங்கவில்லை. கொசு.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

சர்ச் முடிந்து நேராக வந்திருப்பாள் போல, கையில் பைபிள். ரெஜினா எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றாள். நான் உள்ளே கூப்பிடவில்லை.

"அக்கா, ஜெராக்ஸைப் பார்த்துட்டு உட்டுறாதீங்க. ரிஜிஸ்டரையே கையில வாங்கிப் பாருங்க."

"எழுதுனதும் நீயி, போய்ப் பார்க்கச் சொல்றதும் நீயா?"

"கையில வாங்கிப் பாருங்க" என்று மறுபடியும் அதையே சொன்னாள். படாரென்று கதவைச் சாத்தினேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். அவள் செய்த காரியத்தை நான் தொட்டுப் பார்த்துவிட்டு வரவேண்டுமாம்.

செப்டம்பர் 6, வியாழன்

முதல் நாள் விசாரணை. விசாரணை அதிகாரி அனந்தகிருஷ்ணன் என்று கோயம்புத்தூர் வக்கீல். கம்பெனி கூலி கொடுத்துக் கூட்டி வந்தவர். துணைக்கு வரச் சொல்லிப் பேட்லாக் மெஷினில் தைக்கும் மாகாளியைக் கேட்டிருந்தேன். "மூணு பொட்டப்புள்ளைங்கக்கா எனக்கு" என்றான். அவனைத் தப்பு சொல்ல முடியாது. தனியாகத்தான் போனேன்.

போனவுடனே, "இதுல ஒரு கையெழுத்துப் போட்டிரும்மா, அப்புறமா டைப் பண்ணிக்கறோம்" என்று காலித் தாளைக் கொடுத்தார்கள். இந்தக் கம்பெனிக்கு வெள்ளைத் தாள் மேல் என்னதான் ஆசையோ.

"எழுதுனதுக்கப்புறம் படிச்சுப் பார்த்துட்டுப் போடறனுங்க."

வக்கீல் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ரெஜினா சொன்னதற்காக இல்லை, அலுவலர் அம்மாவும் சொல்லியிருந்தார், அதனால் ரிஜிஸ்டரின் ஒரிஜினலைக் கேட்டேன். மேனேஜர், "அது ஆடிட்ல இருக்குது. ஜெராக்ஸ் போதாதா?" என்றார். "போதாதுங்க. தர முடியாதுன்னா அதை எழுத்துல குடுங்க" என்றேன். வக்கீல் பேனாவை எடுத்ததும் மேனேஜர் ஒரு வாரத்தில் காட்டுவதாக ஒப்புக்கொண்டார்.

செப்டம்பர் 12, புதன்

ஆபீசில் ரிஜிஸ்டரை என் முன்னால் வைத்தார்கள். பத்து நிமிஷம் கொடுத்தார்கள். எனக்குப் பத்து விநாடி போதுமாக இருந்தது.

டேப் மேலே விரலை வைத்து நீவினேன். ஊசியின் மேல்பாகத்தைத் தண்டு என்போம், மெஷினில் மாட்டுகிற பக்கம். நான் தைக்கிற ஓவர்லாக் மெஷினுக்குத் தடித்த தண்டு. நேர்த்தையல் போடும் பவர் டேபிள் மெஷினுக்கு ஒல்லித் தண்டு. என் பெயருக்கு நேராக ஒட்டியிருந்தது ஒல்லித் தண்டு. ஜெராக்ஸில் இரண்டும் ஒரே கறுப்புக் கோடாகத்தான் தெரியும். மேனேஜர் எதிரே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். பத்து வருஷமாக மேனேஜர், ஒரு நாள்கூட மெஷினில் உட்கார்ந்ததில்லை.

முகத்தில் எதையும் காட்டாமல் எழுந்து வந்தேன். வீட்டில் ஐந்து தோசை தின்றேன். ராசப்பன் பயந்துபோய், "என்ன மயிலு ஆச்சு?" என்றார். சொன்னேன். "அந்த மேனேஜர் எதையோ எடுத்து ஒட்டச் சொல்லியிருக்கறான், அவளும் பார்க்காம ஒட்டியிருக்கறா" என்றேன்.

அவர் என் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். "ஏம்புள்ள, அந்த ரெஜினாவுக்கு ஊசி அடையாளம் தெரியாதா?"

"கண்ணைக் கட்டி உட்டாலும் தொட்டே சொல்லுவா."

அவர் என்னையே பார்த்தார். தோசைக்கல் காய்ந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டேன்.

செப்டம்பர் 19, புதன்

இன்றைய நாளை முழுக்க எழுதவேண்டும்.

முதலில் மேனேஜர் சாட்சி. அவர் சொல்லி முடித்ததும் வக்கீல், "குறுக்கு விசாரணை உண்டாம்மா?" என்றார். எழுந்தேன்.

"ஏனுங்க சார், ஜூலை பதினொண்ணாந் தேதி நான் எந்த மெஷின்ல உக்காந்திருந்தனுங்க?"

"இருபத்திரண்டு. அதான் ரிஜிஸ்டர்லயே இருக்குதே."

"அது என்ன மெஷினுங்க?"

"ஓவர்லாக்."

"அன்னிக்குப் பூரா அதுதானுங்களா? வேற மெஷின்ல தைச்சனுங்களா?"

"அன்னிக்குப் பூரா அதுதான். உன்ற இஷ்டத்துக்கு மெஷின் மாத்த முடியுமா?"

"ஐயா, அதை எழுதிக்குங்க" என்று வக்கீலிடம் சொன்னேன். எழுதினார். படித்துக் காட்டச் சொன்னேன். படித்தார்.

"இன்னொண்ணுங்க. பெட்டி கட்டறதுக்கு முன்னால ஒவ்வொரு உடுப்பும் இரும்பு கண்டுபிடிக்கிற மெஷினுக்குள்ள போய்த்தானே வரோணும்? ஜூலை பன்னெண்டு, பதிமூணு அந்த மெஷின் ஓடுச்சுங்களா?"

மேனேஜர் தண்ணீர் குடித்தார். "சர்வீஸ்ல இருந்துச்சு."

"பெட்டி மட்டும் போயிருச்சுங்களா?"

"அவசர ஆர்டர்."

"அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யாருங்க?"

மேனேஜர் மறுபடியும் தண்ணீர் டம்ளரை எடுத்தார். வக்கீல் தலை தூக்காமல், "பதில் சொல்லுங்க" என்றார். "நான்தான்" என்றார் மேனேஜர். அதையும் எழுதிக்கொண்டார்கள். ஒரு ஏழைத் தையல்காரி தலையில் எதற்காக இதைக் கட்டினார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் அப்போதே புரிந்துவிட்டது.

"கடைசியா ஒண்ணுங்க. ரிஜிஸ்டர்ல ஒட்டியிருக்கற ஊசியை எடுத்து என்ற மெஷின்ல மாட்டிக் காட்டச் சொல்லுங்க."

மேனேஜர் கத்தினார், ஆவணத்தைக் கலைக்கக் கூடாது என்றார். வக்கீல் சற்று யோசித்துவிட்டு ரிஜிஸ்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். எல்லோரும் கீழே தையல் ஹாலுக்குப் போனோம். எண்பது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் ஒவ்வொன்றாக நின்றது. நாற்பத்து நான்கு நாளுக்குப் பிறகு என் இருபத்திரண்டாம் நம்பரைப் பார்த்தேன். யாரும் துடைக்காமல் பஞ்சு படிந்து கிடந்தது. எனக்கு அழுகை வந்தது, வந்தது என்றே எழுதுகிறேன்.

மெக்கானிக் டேப்பைப் பிரித்துத் தண்டை எடுத்து மாட்டினான். கையை விட்டான். ஊசி நழுவிக் கீழே விழுந்தது. திருகை இறுக்கி மறுபடி மாட்டினான். லொடலொடவென்று ஆடிவிட்டு மறுபடி விழுந்தது.

"இது பவர் டேபிள் ஊசிங்க சார்" என்றான் மெக்கானிக். "இதை வெச்சு இந்த மெஷின்ல ஒரு தையல் போட முடியாதுங்க."

மாகாளி தன் மெஷினிலிருந்து கை தட்டினான். மூன்று பெண் குழந்தைகள் இருப்பது அந்த நிமிஷம் மறந்துவிட்டது போல.

மேனேஜர் அசரவில்லை. "இவளே வேற ஊசியைக் குடுத்து ஏமாத்தியிருப்பா. ரெஜினாவைக் கூப்பிடுங்க" என்றார். மாடிக்குத் திரும்பினோம். ரெஜினா வந்து உட்கார்ந்தாள். பஸ் ஸ்டாப்புக்குப் பிறகு முதல் முறையாக அவள் முகத்தை நேரே பார்த்தேன். இளைத்திருந்தாள்.

"இது நான் குடுத்த ஊசியா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க."

மேனேஜர் நாற்காலி கிறீச்சிட்டது.

"நான் குடுத்தது எத்தனை துண்டு?"

"மூணு. முனையோட சேர்த்து மூணு. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதச் சொல்லி மேனேஜர் சார் சொன்னாருங்க. இல்லைன்னா நாளையிலிருந்து வராதேன்னு சொன்னாருங்க. எழுதுனேன்."

வக்கீல் குறுக்கிட்டார். "ஏம்மா, ஊசி ரூமுல இருக்கறவங்க நீங்க. ஓவர்லாக் ஊசி எது, பவர் டேபிள் ஊசி எதுன்னு தெரியாதா?"

"நல்லாத் தெரியுமுங்க. என்ன எழுதோணும்னு சார் சொன்னாரு. எந்த ஊசியை ஒட்டோணும்னு சொல்லலீங்க."

ஏழு கேள்வி எழுதிக் கொண்டுபோயிருந்தேன், அவளைக் கிழிகிழியென்று கிழிப்பதற்கு. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வேற கேள்வி இல்லைங்க" என்றேன்.

அக்டோபர் 5, வெள்ளி

தபாலில் வந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. தற்காலிகப் பணிநீக்கம் ரத்து. பணித் தொடர்ச்சியோடும் முழுச் சம்பளத்தோடும் திங்கள் காலை வேலைக்கு வரவும். கீழே முதலாளியே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ராசப்பன் மூன்று முறை படித்தார். பிறகு பட்டறைக்கு எடுத்துப்போய் அங்கேயும் படித்திருக்கிறார். பெரிய இடத்தோடு நம்மால் ஆகாது என்றவர், சாயந்திரம் எனக்கே சட்டம் சொல்லிக் கொடுக்கிறார்.

அக்டோபர் 7, ஞாயிறு

பருப்பு வடை சுட்டேன். நிறைய மிஞ்சிவிட்டது. வீணாகப் போகிறதே என்று ஒரு தூக்குவாளியில் போட்டு ரெஜினா வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு பஸ் மாறித்தான் போகவேண்டும். அவள் சர்ச்சுக்குப் போயிருந்தாள்.

அக்டோபர் 8, திங்கள்

வேலைக்குப் போனேன். யாரோ என் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டிருந்தார்கள். மாகாளி என்று நினைத்துக் கேட்டேன், அவன் இல்லை என்றான். மதியம் என் தூக்குவாளி கழுவித் துடைத்து என் ஸ்டூல் மேல் இருந்தது.

அக்டோபர் 15, திங்கள்

நான் எதிர்பார்த்தது நடந்தது. மதியத்துக்கு மேல் மேனேஜர் ரெஜினாவைத் தையல் ஹாலை ஒட்டியிருக்கிற தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவு வழியாக எங்கள் வரிசைக்கு எல்லாம் தெரியும். வெள்ளைத் தாளை நீட்டினார்.

மெஷினை அணைத்துவிட்டு எழுந்து போனேன். கதவைத் திறந்தபடி நின்றேன்.

"உனக்கு இங்க என்ன வேலை?"

"கூட ஒரு தொழிலாளி துணைக்கு இருக்கலாம்னு சட்டம் இருக்குதுங்க சார். அந்த ஒருத்தி நானுங்க."

அது விசாரணைக்கு மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"பொய்யா ரிஜிஸ்டர் எழுதுனவளை வெச்சுட்டு நான் கம்பெனி நடத்த முடியாது. நாளையிலிருந்து வராதேன்னு சொல்லிட்டேன்."

ரெஜினா தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எழுத்துல குடுங்க சார்."

"என்ன?"

"யார் சொல்லி எழுதுனேங்கறதையும் சேர்த்து எழுத்துல குடுங்க."

"எழுத்துல குடுங்க சார்" என்று எனக்குப் பின்னால் மாகாளி குரல். திரும்பினேன். செக்கிங் பெண்கள், அயர்ன் மேசைக்காரர்கள், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்து பேசவே பேசாத பிள்ளைகள், ஹால் முழுக்க எழுந்து நின்றிருந்தார்கள். ஒருத்தரும் கத்தவில்லை. ஆளாளுக்கு அதையேதான் சொன்னார்கள், டீ கேட்கிற மாதிரி சாதாரணமாக. எண்பது மெஷினும் நின்ற ஹாலில் அது நன்றாகக் கேட்டது.

மேனேஜர் அந்த வெள்ளைத் தாளை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினார். "போய் வேலையைப் பாருங்க" என்றார். நாங்கள் போய் வேலையைப் பார்த்தோம்.

அக்டோபர் 17, புதன்

நாளைக்கு ஆயுதபூஜை. மேனேஜர் தண்டபாணி நேற்றிலிருந்து வரவில்லை. முதலாளி நீண்ட விடுப்பில் அனுப்பியிருப்பதாகப் பேச்சு. அதை எழுத்தில் கொடுத்தாரா என்று தெரியவில்லை.

மெஷினைத் துடைக்கப் போகிற நேரம் பார்த்து ஊசி உடைந்தது. மூன்று துண்டு. பொறுக்கிக்கொண்டு ஊசி ரூமுக்குப் போனேன். ரெஜினா துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். தண்டை விரலால் உருட்டினாள். "ஓவர்லாக்தான்" என்றாள். சிரிக்கவில்லை. ஒட்டினாள், எழுதினாள், விசாரணைக்குப் பிறகு வந்த புது விதிப்படி டைலர் கையெழுத்துக்கு ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினாள்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"பஸ் ஸ்டாப்புல நான் பேசுனது தப்பு ரெஜினா. மன்னிச்சுக்கோ."

அவள் புது ஊசியை எடுத்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுத்துல குடுங்கக்கா."

ரிஜிஸ்டரில் கடைசியாகக் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. யாரும் அதில் எதுவும் எழுதுவதில்லை. நான் எழுதினேன்: துண்டு மூன்றும் கிடைத்தது. பஸ் ஸ்டாப்பில் பேசியது தவறு. மயிலாத்தாள்.

ரெஜினா படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பழைய மாதிரி சிரித்தாள்.

"ஆடிட்டர் கேட்டா என்னக்கா சொல்றது?"

"ரெண்டும் உண்மைன்னு சொல்லு."

புது ஊசியை வாங்கிக்கொண்டு வந்து மெஷினில் மாட்டினேன்.